மண்வளம் மீட்கும் வேளாண்மையில் எழும் கோளாறுகள்: சேலம் மாவட்டச் சிறு உழவர்களுக்கு அறிகுறி வாரியான வழிமுறை

மூடாக்கு (சருகு, தட்டை கொண்டு மண்ணை மூடுதல்), பசுந்தாள் உரம் (பயிரைப் பச்சையாகவே மடக்கி உழுதல்), ஊடுபயிர், குறைந்த உழவு ஆகியவற்றைக் கைக்கொண்ட உழவர் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்குள் அவற்றைக் கைவிடுகிறார் என்றால், கொள்கையில் நம்பிக்கை இழந்து கைவிடுவது அரிது. பயிரில் ஏதோ ஒன்று தப்பாகத் தெரிகிறது. அதன் காரணத்தைச் சொல்ல ஆள் இல்லை. உரக்கடையில் சொன்னதை வாங்கி அடித்துவிட்டுப் பழைய முறைக்கே திரும்பிவிடுகிறார். அத்தகைய உழவர்களோடு வயலில் நிற்கும் களப்பணியாளர்களுக்கும், உழவர் குழுக்களை நடத்துபவர்களுக்கும், தாமாகவே முயன்று பார்க்கும் விவசாயிகளுக்கும் பயன்படும் வகையில், அடிக்கடி கேட்கப்படும் கோளாறுகள் இங்கே அறிகுறி வாரியாகத் தரப்பட்டுள்ளன.

பயன்படுத்தும் முறை எளிது. அறிகுறியைக் கண்டதும், அதற்குக் கீழே சொல்லப்பட்டுள்ள சோதனையை முதலில் செய்ய வேண்டும். சோதனை முடியும் வரை எதையும் தெளிக்கவோ ஊற்றவோ கூடாது. இரண்டு கோளாறுகள் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்து, ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைக் கெடுக்கும் நிலை இந்த வேளாண்மையில் அடிக்கடி வருகிறது. இன்னொரு நிபந்தனையும் உண்டு: புதிய முறையை முழு நிலத்திலும் ஒரே பட்டத்தில் புகுத்தாமல், கால் ஏக்கரிலோ அரை ஏக்கரிலோ தொடங்கி, அதற்குப் பக்கத்திலேயே பழைய முறையில் ஒரு துண்டை விட்டுவைக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கத் துண்டு இல்லாத வயலில், மழை கெடுத்ததா முறை கெடுத்ததா என்பதை எவராலும் சொல்ல முடியாது.

ஓர் எச்சரிக்கை. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாவட்டம் ஒன்றாக இருப்பதால் ஆத்தூர்க் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) வயலுக்குச் சொன்ன யோசனையைச் சேர்வராயன் மலைக் காபித் தோட்டத்துக்கும் சொல்வது பொருந்தாது. மலைக்கு உரியவை பின்னால் தனியே வருகின்றன.

அறிகுறி: பயிர் மஞ்சளாகிறது

எந்த இலை மஞ்சளாகிறது என்பதே முதல் கேள்வி. முதிர்ந்த கீழ் இலைகள் நுனியிலிருந்து நடு நரம்பை ஒட்டி வெளிறிவர, குருத்து பச்சையாகவே இருந்தால் அது தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றாக்குறை. கீழ் இலைகள் பச்சையாக இருக்க, புதிதாக விரியும் இலைகள் மட்டும் வெளுத்து, அவற்றின் நரம்புகள் பச்சைக் கோடுகளாகத் தனித்துத் தெரிந்தால் அது இரும்புச்சத்துப் பற்றாக்குறை. இரண்டுக்கும் ‘சத்துக் குறைவு’ என்ற ஒரே பெயரைச் சூட்டி, ஒரே கரைசலை ஊற்றுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

தழைச்சத்துப் பற்றாக்குறை என்று உறுதியானால், அறுவடைக்குப் பின் நிலத்தில் எதை, எப்போது மடக்கி உழுதார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே கிடைத்துவிடும். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் ஏறத்தாழ 25 பங்கு கரிமத்துக்கு 1 பங்கு தழைச்சத்து என்ற அளவில் உணவு தேடுகின்றன. பசுந்தாள் பயிரான சணப்பு பூக்கும் பருவத்தில் கிட்டத்தட்ட அந்த அளவிலேயே இருப்பதால் மடக்கி உழுத சில வாரங்களில் பயிருக்குச் சத்தைக் கொடுக்கத் தொடங்குகிறது. காய்ந்த மக்காச்சோளத் தட்டையிலோ கரிமம் சுமார் 60 பங்கு. பதப்படுத்தாத தென்னை நார்க்கழிவில் 100 பங்குக்கும் மேல். இவற்றை மண்ணுக்குள் புதைத்தால், குறைபடும் தழைச்சத்தை நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். தட்டை மட்கி முடியும் வரை பயிர் பட்டினி கிடக்கும். குப்பை போட்டும் பயிர் மஞ்சளித்தது என்று உழவர் குழம்புவது இதனால்தான். போட்டது நல்ல பொருளே. போட்ட இடமும் காலமுமே பொருந்தவில்லை.

இதற்கான தீர்வு, காய்ந்த தட்டையையும் கரும்புச் சோகையையும் உள்ளே உழாமல் மேலே மூடாக்காகப் பரப்புவது. மேற்பரப்பில் கிடக்கும்போது மண்ணைத் தொடும் அடிப்பகுதி மட்டுமே மட்குவதால் தழைச்சத்துப் போட்டி சிறிதாகவே இருக்கும். ஏற்கெனவே உழுதுவிட்டிருந்தால், ஈரம் இருக்கும் நிலையில் நான்கு முதல் ஆறு வாரம் விட்டு விதைக்க வேண்டும். பயிர் நின்றுகொண்டிருந்தால், அந்த ஒரு முறை மட்டும் ஏக்கருக்கு 10 முதல் 15 கிலோ யூரியாவை ஈரத்தில் மேலுரமாக இடச் சொல்வேன். இதை ஒப்பாதவர்கள் உண்டு. இயற்கைச் சான்றுக்குப் பதிந்த நிலத்தில் இதைச் செய்யவும் கூடாது. அங்கே ஊறவைத்த கடலைப் பிண்ணாக்குத்தான் வழி. ஆனால், சான்றுக்குப் போகாத ஒன்றரை ஏக்கர்க்காரர், கண்ணெதிரே பயிர் வெளிறுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடுத்த பட்டத்தில் தட்டையைக் கொளுத்தப் போவதைவிட, ஒரு கை யூரியா போட்டு மூடாக்கைத் தொடர்வது மண்ணுக்கு நல்லது.

தென்னை நார்க்கழிவு இந்தப் பக்கங்களில் எளிதாகக் கிடைப்பதால் அதைப் பச்சையாகவே வயலில் கொட்டும் பழக்கம் இருக்கிறது. சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்காகத் தூவி மட்கவைத்தால் அதன் கரிமப் பங்கு 112-லிருந்து 24 அளவுக்கு இறங்கும். கறுத்த, உதிரியான எருவான பிறகே அது நிலத்துக்குப் போக வேண்டும். சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளின் கிழங்குச் சக்கையான திப்பிக்கும் இதே விதிதான். புதிதாக வரும் திப்பி புளித்து, நாறி, ஈ மொய்க்கும். சாணத்தோடு கலந்து குவித்து, சூடு அடங்கிய பின்னரே இட வேண்டும்.

இரும்புச்சத்துப் பற்றாக்குறை என்றால் கதை வேறு. சுக்கான் கல் கலந்த நிலங்களில் மண்ணில் இரும்பு இருந்தாலும் வேர் எடுக்க முடியாத வடிவில் பூட்டப்பட்டிருக்கும். உறுதிசெய்ய, உலர்ந்த மண்ணை ஒரு பிடி எடுத்து அதன்மேல் வினிகரைச் சில துளி விட்டுக் காதருகே பிடியுங்கள். சுரீரென்று நுரைத்தால் அது சுண்ணாம்பு மிகுந்த மண். இங்கே எவ்வளவு தழைச்சத்து கொடுத்தாலும் குருத்து பச்சையாகாது. 10 லிட்டர் நீரில் 50 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து, ஓர் எலுமிச்சம்பழத்தின் சாற்றைச் சேர்த்து, மாலை வேளையில் இலைகள் நனையத் தெளித்து, பத்துப் பதினைந்து நாள் கழித்து மீண்டும் தெளிக்க வேண்டும். புதிதாக வரும் இலை பச்சையாக வந்தால் கணிப்பு சரி. அடுத்த பட்டத்தில் அன்னபேதியைத் தொழு உரத்தோடு கலந்து ஒரு மாதம் ஊட்டமேற்றி இடுவது நீடித்த வழி. சுண்ணாம்புக் கரட்டையும் மேக்னசைட் சுரங்கங்களையும் ஒட்டிய நிலங்களில் மெக்னீசியம் ஏற்கெனவே மிகுந்திருக்க வாய்ப்பு உண்டு என்பதால், மண் பரிசோதனை இல்லாமல் அங்கே மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக் கல்லான டோலமைட் போடச் சொல்லக் கூடாது.

மண் மாதிரி எடுப்பதிலும் ஒரு சொல். வரப்போரம், மரத்தடி, எருக்குழி அருகு ஆகியவற்றைத் தவிர்த்து, வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டிச் சேர்த்து, கலந்து, கால் பங்கிட்டு அரைக் கிலோவாகக் குறைத்துச் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வேளாண் துறையின் மண் பரிசோதனைக் கூடத்துக்கோ கொண்டுசெல்ல வேண்டும். வாசலில் நின்றபடி ஒரு மூலையில் அள்ளிய மண்ணுக்கு வரும் அறிக்கை அந்த மூலைக்கு மட்டுமே செல்லும்.

அறிகுறி: தவறாமல் ஜீவாமிர்தம் கொடுத்தும் விளைச்சல் பாதியாகிவிட்டது

இங்கே சோதிக்க வேண்டியது வயலை அல்ல, கணக்கை. ஓர் ஏக்கருக்கான ஜீவாமிர்தத்தில் 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண் ஆகியவை சேர்கின்றன. இவற்றில் அடங்கியுள்ள தழைச்சத்தைத் தாராளமாகக் கூட்டிப் பார்த்தாலும் கால் கிலோவைச் சுற்றியே நிற்கும். வீரிய மக்காச்சோளத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையோ ஹெக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்து, அதாவது ஏக்கருக்கு 100 கிலோ. ஜீவாமிர்தம் நுண்ணுயிர்களைப் பெருக்கும் உறைமோர். பால் இல்லாத பாத்திரத்தில் உறைமோர் மட்டும் ஊற்றினால் தயிர் வராது. மண்ணில் மட்குப் பொருள் நிறைந்திருக்கும் நிலத்தில் அது வேலை செய்வதும், அங்ககக் கரிமம் அரை விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்ட நிலத்தில் பயனற்றுப்போவதும் இதனாலேயே.

ஆகவே, உரத்தை ஒரே பட்டத்தில் நிறுத்தச் சொல்லாதீர்கள். தொழு உரம் ஏக்கருக்கு 5 டன், பசுந்தாள் உரம் ஒரு முறை, பயறு ஊடுபயிர் என்று வரவு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பட்டத்திலும் ரசாயன உரத்தில் கால் பங்கு கால் பங்காகக் குறைத்துவர வேண்டும். குறைத்த துண்டில் விளைச்சல் இறங்கினால் அந்தப் படியிலேயே இன்னொரு பட்டம் நிற்க வேண்டும். இலங்கையில் 2021-இல் ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்து, நெல்லும் தேயிலையும் அடிவாங்கிய பிறகு அதே ஆண்டின் இறுதியில் தடையைத் தளர்த்த நேர்ந்ததை நினைவிற்கொண்டால் போதும். ஒரு நாடு தாங்காததை ஒரு சிறு உழவர் தாங்க மாட்டார்.

தொழு உரம் 5 டன்னுக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. இருக்கும் சாணத்தையாவது வீணாக்காமல் காக்கலாம். வெயிலில் திறந்து கிடக்கும் குப்பை மேட்டிலிருந்து தழைச்சத்து காற்றில் போய்விடுகிறது. நிழலில், குழியில், மேலே மண்ணோ ஓலையோ மூடி வைக்க வேண்டும். வரப்பெங்கும் தழை உர மரமான கிளைரிசிடியாவை நட்டு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கழித்துப் போடுவது, மாடு இல்லாதவர்களுக்கு எனக்குத் தெரிந்த மலிவான வழி.

அறிகுறி: மழை பெய்கிறது, ஈரம் நிற்கவில்லை

மழை நாள்கள் குறைந்து, பெய்யும் நாளில் கொட்டித் தீர்க்கும் போக்கு கூடிவருவதால், இந்தக் கோளாறு மற்றவற்றைவிட முக்கியமானது. ஓர் ஏக்கரில் 5 செ.மீ. மழை பெய்தால் 2 லட்சம் லிட்டர் தண்ணீர் விழுந்ததாகக் கணக்கு. அதில் பாதி ஓடைக்குப் போனாலும், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து அதை மீண்டும் இறைக்க எத்தனை மணி நேரம் மோட்டார் ஓட வேண்டும் என்று உழவரிடமே கணக்குப் போடச் சொல்லுங்கள். மண் பராமரிப்பைப் பற்றிய பேச்சு அதன்பின் எளிதாகும்.

முதல் சோதனைக்கு ஒரு கண்ணாடி டம்ளர் போதும். வயலில் உலர்ந்த மண்கட்டி ஒன்றைக் கோலிக்குண்டு அளவில் எடுத்து, நீர் நிறைந்த டம்ளரில் மெதுவாக விடுங்கள். குமிழ் விட்டபடியே ஓரிரு நிமிடத்தில் கரைந்து அடியில் சேறாகப் படிந்தால், அந்த மண்ணின் துகள்களைப் பிணைத்துவைக்கும் மட்கு இல்லை. மழைத்துளி அடித்ததும் மேல்மண் இதேபோல் கரைந்து, துளைகளை அடைத்து, காய்ந்தவுடன் ஏடு கட்டிவிடும். வரப்போரத்தில் உழாத புல்தரை மண்ணிலிருந்து இன்னொரு கட்டியை எடுத்துப் பக்கத்து டம்ளரில் விட்டால், அது அரை மணி நேரம் கழித்தும் உருக்குலையாமல் கிடக்கும். ஒரே நிலத்தின் இரண்டு கட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த உழவருக்கு விளக்கவுரை தேவைப்படுவதில்லை.

இரண்டாவது சோதனைக்கு ஒரு நீண்ட இரும்புக் கம்பி வேண்டும். நல்ல மழைக்கு மறுநாள் கம்பியை மண்ணில் அழுத்துங்கள். அரை அடி, முக்கால் அடி ஆழத்தில் சட்டென்று தடுத்து, பல இடங்களில் அதே ஆழத்தில் தடுத்தால், ரோட்டவேட்டரும் சட்டிக் கலப்பையும் ஆண்டுக்கணக்கில் ஒரே ஆழத்தில் ஓடி உண்டாக்கிய கடினத் தட்டு அது.

கட்டி கரைகிறது, கம்பி தடையின்றி இறங்குகிறது என்றால் கோளாறு மேலே இருக்கிறது, மூடாக்கே மருந்து. குனிந்து பார்த்தால் மண் தெரியாத அளவுக்கு மூடாக்கு இருக்க வேண்டும். குச்சிக்கிழங்கு நட்ட முதல் இரண்டு மூன்று மாதங்கள் வரிசைகளுக்கு இடையே மண் திறந்தே கிடக்கிறது. அந்த இடைவெளியில் சின்ன வெங்காயம், உளுந்து, கொத்தமல்லி போன்ற குறுகிய காலப் பயிரைப் போட்டால் மண் மூடப்படுவதோடு கைச்செலவுக்கும் ஆகும்.

கம்பி தடுக்கிறது என்றால் மூடாக்கு மட்டும் உதவாது. உழவே கூடாது என்ற விரதத்தை இங்கே ஒரு முறை முறித்து, கோடையில் மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் நீளவாக்கிலும் பின்னர் குறுக்குவாக்கிலும் ஓட்ட வேண்டும். ஈரத்தில் ஓட்டினால் தட்டு உடையாது, கத்தி கீறியதுபோல் கோடு மட்டுமே விழும். உடைத்த கையோடு ஆணிவேர்ப் பயிரான துவரையையோ ஆமணக்கையோ தக்கைப்பூண்டையோ விதைக்காவிட்டால், விரிசல்கள் மூடிப் பழைய நிலைக்கே வந்துவிடும்.

மலையடிவாரச் சரிவு நிலங்களில் இவற்றுக்கு முன்னதாகச் சரிவுக்குக் குறுக்கே உழுவதும், கல் வரப்போ வெட்டிவேர் வரிசையோ அமைப்பதும் நடக்க வேண்டும். வரப்பில்லாத சரிவில் பரப்பிய மூடாக்கு முதல் பெருமழையில் கீழ்வயலுக்காரருக்குப் போய்ச் சேரும்.

அறிகுறி: பசுந்தாள் பயிர் சரியாக வரவில்லை, அல்லது அதை உழுத பிறகு விதைப்புக்கு ஈரமில்லை

சணப்பும் தக்கைப்பூண்டும் இறைத்து வளர்க்க வேண்டிய பயிர்கள் அல்ல. கோடை மழையின் ஈரத்தில் வளர வேண்டியவை. ஏக்கருக்குத் தக்கைப்பூண்டு 20 கிலோ, சணப்பு 10 முதல் 15 கிலோ என்ற அளவில் ரைசோபியம் (வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிர்) கலந்து விதைத்து, பூ எடுக்கும் 45-ஆம் நாளை ஒட்டி மடக்கி உழ வேண்டும் என்பது பொது விதி. வானம் ஏமாற்றும் ஆண்டில் இந்த விதியைப் பிடித்துத் தொங்கக் கூடாது. பயிர் முப்பது நாள்களிலேயே வாடத் தொடங்கினால், இருக்கும் உயரத்திலேயே மடக்கிவிட்டு மிச்ச ஈரத்தை முதன்மைப் பயிருக்குக் காப்பாற்ற வேண்டும். தண்டைக் கையால் ஒடித்தால் முறியாமல் நாராக இழுபட்டால், காலம் கடந்துவிட்டது என்று பொருள். அதை அறுத்து மூடாக்காகப் போடலாமே தவிர உழக்கூடாது. தமிழக அரசின் ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் 2024-25 முதல் பசுந்தாள் உர விதைகள் மானியத்தில் தரப்படுவதால், விதைச் செலவுக்கு வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுப் பார்ப்பது நல்லது.

அறிகுறி: குச்சிக்கிழங்குச் செடியின் நுனி சுருண்டு கொத்தாக நிற்கிறது

மாவுப்பூச்சியா, தேமல் நோயா என்று பிரித்தறிய வேண்டும். இலை மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்து கோணிப்போயிருந்தால் தேமல். அது வெள்ளை ஈயாலும் நோயுற்ற குச்சியாலும் பரவும் நச்சுயிரி. வந்த செடிக்கு மருந்து கிடையாது. பிடுங்கி அழிக்க வேண்டும். அடுத்த நடவுக்கு நலமான செடியில் மட்டும் குச்சி எடுக்க வேண்டும். ஏத்தாப்பூர்-1 போன்ற தேமலைத் தாங்கும் இரகத்துக்கு மாறலாம்.

நுனியில் கணுக்கள் நெருங்கி, இலைகள் குறுகிப் பூங்கொத்துப்போல் நிற்க, விரித்துப் பார்த்தால் வெள்ளை மாவு தென்பட்டால் அது மாவுப்பூச்சி. மரவள்ளியைத் தாக்கும் இந்த மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் கண்டறியப்பட்டு, விரைவிலேயே நாமக்கல், சேலம் பக்கங்களுக்கும் வந்து சேர்ந்தது. எந்தப் பூச்சிக்கொல்லிக்கும் முழுதாக அடங்காத அதற்கு, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ‘அனாகைரஸ் லோபெஸி’ என்னும் ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டு, 2022-இல் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடப்பட்டது. கொசுவைவிடச் சிறிய இந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். உள்ளே வளரும் புழு அதைத் தின்று முடிக்கும்.

ஆகவே மருந்து அடிக்குமுன் ஒரு கை லென்ஸை எடுத்துக்கொண்டு நுனிக்கொத்தைப் பிரித்துப் பாருங்கள். வெள்ளைப் பூச்சிகளுக்கு நடுவே, மாவு உதிர்ந்து பழுப்பாகி உப்பிய கூடுகள் கிடந்தால், அவற்றில் சிலவற்றில் வட்டமான துளை இருந்தால், குளவி வேலையில் இறங்கிவிட்டது. அந்த வயலில் பூச்சிக்கொல்லி அடிப்பது, வந்த காவலாளியைக் கொல்வதாகும். மாவுப்பூச்சி மெழுகுப் போர்வைக்குள் தப்பிப் பிழைத்து மறுபடி பெருகும், குளவியோ திரும்பாது. பழுப்புக் கூடுகளே இல்லை என்றால் மட்டும், தாக்குண்ட நுனிகளை ஒடித்து எரித்து, வேப்பெண்ணெய்க் கரைசலைச் சோப்புக் கலந்து தெளித்து, ஏத்தாப்பூர் நிலையத்தில் குளவி கேட்க வேண்டும். தாக்குண்ட வயலின் குச்சியை ஊர் விட்டு ஊர் கொண்டுபோவதுதான் இந்தப் பூச்சியின் பேருந்து.

அறிகுறி: உழவைக் குறைத்த பிறகு மக்காச்சோளத்தில் படைப்புழு கூடிவிட்டது

இது கற்பனைக் குற்றச்சாட்டு அல்ல. 2018-இல் இந்தியாவுக்குள் நுழைந்த அமெரிக்கப் படைப்புழு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக இருப்பதால், கோடை உழவில் மேலே வந்து வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும் கூட்டுப்புழுக்கள் உழாத நிலத்தில் தப்பிவிடக்கூடும். மக்காச்சோளத்துக்குப் பின் மக்காச்சோளம் போடும் நிலமாக இருந்தால், சரிவுக்குக் குறுக்கே ஒரு கோடை உழவையும் கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்பிண்ணாக்கையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. பயிர் சுழற்சி செய்பவர் உழவைக் குறைக்கலாம். தட்டைப்பயறு அல்லது உளுந்து ஊடுபயிராக இருக்கும் வயலில் இயற்கை எதிரிகள் தங்குகின்றன. குருத்தில் மரத்தூள்போல் எச்சம் தெரியும் செடிகளை விதைத்த பதினைந்தாம் நாள் முதல் எண்ணிவர வேண்டும். தெளிப்பு எதுவானாலும் குருத்துக்குள் இறங்கினால்தான் பயன் தரும்.

அறிகுறி: சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு

அடைத்த சொட்டுவானைக் கழற்றி விரலால் தடவுங்கள். வழவழப்பாக இருந்தால் ஜீவாமிர்தத்தின் சக்கையும் பாசியும். சொரசொரப்பான வெள்ளைப் படிவாக இருந்தால் ஆழ்துளைக் கிணற்று நீரின் சுண்ணாம்பு உப்பு. முதலாவதற்கு, கரைசலை ஓர் இரவு தெளியவிட்டு, மேல் நீரை இரண்டு முறை துணியில் வடிகட்டி, வடிப்பானுக்கு முன்னதாகச் செலுத்தி, பிறகு கால் மணி நேரமாவது நல்ல நீரை ஓட்டிக் கிளைக் குழாய்களின் முனைகளைத் திறந்துவிட வேண்டும். இரண்டாவதற்கு அமிலச் சுத்திகரிப்பு. தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றவே கூடாது, அந்த வாரம் உயிர் உரமும் கூடாது.

அறிகுறி: மூடாக்குப் போட்ட இடத்தில் கரையான்

கரையான் காய்ந்த பொருளைத் தின்ன வருகிறது. ஈரமான, பாதி மட்கிய மூடாக்கை அது அவ்வளவாக நாடுவதில்லை. மாங்கன்றுகளுக்குத் தண்டை விட்டு அரை அடி தள்ளி மூடாக்குப் போட்டு, அதன்மேல் நீர்த்த சாணக் கரைசலைத் தெளித்து ஈரமாக வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். வாடிய கன்றின் பட்டையைச் சுரண்டிப் பார்த்து, மண் ஓடு தண்டில் ஏறியிருந்தால் மட்டும் கரையானைக் குற்றம் சொல்லுங்கள்.

அறிகுறி: ஏற்காட்டில் காபிச் செடி மஞ்சளாகி ஒவ்வொன்றாகக் காய்கிறது

செடியின் தண்டை நிலத்திலிருந்து மேல்நோக்கித் தடவிப் பார்த்தால், பட்டைக்கடியில் வளையம் வளையமாகத் திரட்சி விரலில் தட்டுப்படும். அது வெள்ளைத் தண்டுத் துளைப்பான். அராபிகா வகைக் காபியைத் தாக்கும் இந்த வண்டு வெயில் படும் தண்டையே நாடி முட்டையிடும். எனவே, மறு கேள்வி நிழல் மரங்களைப் பற்றியதாக இருக்க வேண்டும்: அண்மையில் சில்வர் ஓக் வெட்டி விற்றார்களா? மகள் கல்யாணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ மரம் விற்பதைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால், ஒரே இடத்தில் மொத்தமாக வெட்டாமல் தோட்டமெங்கும் பரவலாக எடுக்கவும், வெட்டிய இடத்தில் உடனே கல்யாணமுருங்கைப் போத்து நடவும் சொல்லலாம். உயரத்தில் சில்வர் ஓக், பலா போன்ற நிலையான மரங்களும், கீழே விரைந்து வளரும் கல்யாணமுருங்கையும் என இரண்டடுக்கு நிழல் இருக்கும் தோட்டத்தில் வண்டும் குறையும். மார்ச், ஏப்ரலில் பூமழை (காபியைப் பூக்கவைக்கும் மழை) தள்ளிப்போகும் ஆண்டுகளில் செடியும் தாக்குப்பிடிக்கும். தாக்குண்ட செடிகளை மார்ச்சிலும் செப்டம்பரிலும், அதாவது வண்டு வெளிப்படும் பருவங்களுக்கு முன்பே, தேடிப் பிடுங்கி எரிக்க வேண்டும். பிடுங்கி வேலியோரம் அடுக்கிவைத்தால் வண்டு அங்கிருந்தே பறக்கும்.

மண் தொடர்பாக, சமவெளியில் சொல்லாத ஒன்று இங்கே தேவை: மழை மிகுந்த மலைமண் புளித்துப்போகும். அமிலத்தன்மையைச் சோதித்து, தேவையான அளவு மட்டும் சுண்ணாம்பு இட வேண்டும். சரிவில் களையைக் கொத்தக் கூடாது, அறுத்து அங்கேயே போட வேண்டும். வரிசைகளுக்கு இடையே, சரிவுக்குக் குறுக்கே, ஒன்றரை அடி அகலமும் ஓர் அடி ஆழமுமாகத் தொட்டிக்குழிகள் எடுத்தால் ஓடும் நீரும் உதிரும் சருகும் அவற்றில் தங்கும். சில்வர் ஓக் சருகு மட்கத் தாமதமாவதால் கல்யாணமுருங்கைத் தழையைக் கலந்து போட வேண்டும்.

அறிகுறி: பயிர் நன்றாக இருக்கிறது, ஆனால் உழவர் நிறுத்திவிட்டார்

இதையும் கோளாறாகவே எண்ண வேண்டும். காரணம் வயலில் இருக்காது. களைக் கூலி ஏறிவிட்டதா என்று முதலில் கேளுங்கள். மூடாக்கு மெல்லியதாக இருந்தால் களை அதைத் துளைத்து வரும். கையளவு பரப்பில் தடிப்பாகப் போடுவது, நிலம் முழுக்க மெல்லியதாகத் தூவுவதைவிட நல்லது.

அடுத்தது விலை. குச்சிக்கிழங்குக்கு ஆலையில் மாவுச்சத்துப் பாயிண்டை வைத்தே விலை. எந்த முறையில் விளைந்தது என்று எவரும் கேட்பதில்லை. அந்த உழவரிடம் இயற்கை விளைபொருளுக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்று சொல்லியிருந்தால், சொன்னவரே பிழை செய்தவர். அவருக்குச் சொல்ல வேண்டியது உரச் செலவும் மோட்டார் ஓடும் நேரமும் குறைவதை மட்டுமே. காய்கறியும் சிறுதானியமும் விளைவிப்பவர் குறைந்தது ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து பங்கேற்பு உத்தரவாதச் சான்றுக்கு (குழுவினரே ஒருவர் நிலத்தை ஒருவர் சரிபார்க்கும் இயற்கைச் சான்று) பதியலாம். சூரமங்கலம், தாதகாப்பட்டி உழவர் சந்தைகளில் நேரடியாக வாடிக்கையாளரைப் பிடித்தவர்களுக்கே அதனால் பலன் கூடுதல்.

மூன்றாவது, நிலம் யாருடையது என்ற கேள்வி. ஆண்டுக் குத்தகையில் உழுபவரிடம் வரப்பில் மரம் நடவும், ஐந்து ஆண்டில் கரிமம் உயரும் என்று காத்திருக்கவும் சொல்வது வீண். வளமான பிறகு நிலத்துக்காரர் குத்தகையை உயர்த்துவார் அல்லது திரும்ப வாங்கிக்கொள்வார் என்ற அவரது அச்சம் சரியானது. அதே பட்டத்தில் பலன் தரும் பயறு ஊடுபயிர், விதை நேர்த்தி, தட்டையை எரிக்காமல் பரப்புதல் ஆகிய மூன்றோடு அவருக்குச் சொல்லும் பட்டியலை நிறுத்திக்கொள்ள வேண்டும். மரமும் வரப்பும் பண்ணைக்குட்டையும் நிலத்துக்காரரிடம் பேச வேண்டியவை. பேச்சு எழுத்தில் முடிந்து, குறைந்தது மூன்று ஆண்டுக் குத்தகை கையில் வந்த பிறகு குத்தகைதாரரிடம் திரும்பலாம்.